நான் எழுதிய நான்கடி

ஏரிக்கு நடுவில் இடுப்புயரத்துக்கும் மேலாக நின்ற அந்த மண்மேடும், அதன் தலையில் இருந்த புல்லும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தை ஒட்டிய ஓர் ஏரியில் தூர் வாரும் வேலை. அளவெடுக்கும் ஓவர்சியராக நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வண்டலை வெட்டும்போது நடுநடுவே கொஞ்சம் மண்ணைத் தொடாமல் மேடாக விட்டுவைப்பது வழக்கம். மேட்டின் உச்சிக்கும் வெட்டிய தரைக்கும் உள்ள உயரம்தான் எடுத்த ஆழம்; கான்ட்ராக்டருக்குப் பணமும் அந்தக் கணக்கில்தான். உச்சியில் புல் இருந்தால் அது பழைய தரை என்று நம்பி டேப்பைப் பிடிப்போம்.

மண் சுமந்த பெண்களில் ஓர் அக்காவின் குடிசை கரைக்குக் கீழே, உபரி நீர் போகும் வாய்க்காலை ஒட்டி இருந்தது. கூடையை இறக்கும்போதெல்லாம், "இந்த வருசமாவது தண்ணி வூட்டுக்குள்ள வராதில்ல சார்?" என்பார். எல்லாம் தெரிந்தவன் மாதிரி, "வராது" என்பேன்.

ஒரு நாள் அந்த மேட்டை அளந்து, நான்கடி என்று அளவுப் புத்தகத்தில் எழுதி முடித்தேன். அக்கா பக்கத்தில் வந்து, "புல்லு வாடிக் கீது பாரு சார். நேத்து சாய்ங்காலம் கான்ட்ராக்டர் ஆளுங்க மேட்டு மேல மண்ணப் போட்டு, புல்ல ஒட்டிகினு இருந்தானுங்க" என்றார். தொட்டேன். தொப்பி மாதிரி கையோடு வந்தது. எனக்கு யாரும் எதுவும் கொடுத்திருக்கவில்லை. கொடுத்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். பேனாவால் எழுதியாயிற்று, அடித்துத் திருத்தினால் மேலதிகாரி விளக்கம் கேட்பார், புல்லைப் பார்க்கக்கூடத் தெரியாதா என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். "உன் வேலையப் பாரும்மா" என்று அக்காவை எல்லோர் முன்னாலும் அதட்டிவிட்டு, புல்லை என் கையாலேயே திரும்ப வைத்தேன்.

ஐப்பசியில் நான்கு நாள் மழைக்கே ஏரி வழிந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களைக் கணக்கெடுக்க என்னை அனுப்பினார்கள். அக்காவின் குடிசை போய்விட்டிருந்தது. அங்கே மகளின் நனைந்த பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். திட்டட்டும் என்று நின்றேன். அவரோ மகளிடம், "சாருக்கு எடம் வுடு, உக்காரட்டும்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

இப்போது ஓய்வுபெற்றுச் சிட்லபாக்கத்தில் குடியிருக்கிறேன். போன மாதம் குடியிருப்போர் சங்கத்தினர் வந்தார்கள். ஏரியில் தூர் வாரப்போகிறார்களாம். அளவைச் சரிபார்க்க, "உங்கள மாதிரி நேர்மையான ஆள் வேணும் சார்" என்றார்கள். முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்தியதும் மனைவி, "உங்களுக்கு எப்போ வந்தது முழங்கால் வலி?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.