எத்திராஜ் சொன்ன இரண்டு விரற்கடை

எத்திராஜ் போய்விட்டான். இன்று காலை சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அவன் மகள் போன் செய்தாள்...

நல்லவர், வல்லவர் என்று எல்லாரும் இங்கே ஃபேஸ்புக்கில் எழுதுவீர்கள். எழுதுங்கள். எனக்கு ஐம்பது வருஷமாக அவன்மேல் பொறாமை. செத்துப்போன அன்றைக்கு மட்டும் அது இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். அதிகாரிகள் வந்து தங்கும் சர்க்கார் பங்களா ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் தோட்ட வேலை. டெம்பரரி. ஒரே ஒரு பர்மனென்ட் போஸ்ட் வந்தது.

எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். வேலை பர்மனென்ட் ஆனால்தான் கல்யாணம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எத்திராஜுக்கு என்ன... வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

பங்களா முன்னால் புதிதாக லான் போட வேண்டும். சுவரை ஒட்டின பாதி எனக்கு, ரோட்டுப் பக்கத்துப் பாதி அவனுக்கு என்று ஓவர்சியர் பிரித்துக் கொடுத்தார். எது நன்றாக வருகிறதோ, அந்த ஆளுக்கு வேலை.

நான் தென்னேரிக்காரன். நெல் போடுகிற குடும்பம். மண்ணைப் பற்றி எனக்கு ஒரு நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளை சொல்லித்தர வேண்டுமா?

ஒரு அடி ஆழம் கொத்தினேன். செங்கல் துண்டு, கோரைக் கிழங்கு எல்லாம் பொறுக்கிப் போட்டேன். ஏரி வண்டலும் மக்கின எருவும் கலந்தேன். ஊரிலிருந்து பரம்புப் பலகையைக் கொண்டுவந்து இழுத்தேன், நடவுக்கு முன்னால் வயலைச் சமன் செய்வோமே, அப்படி. எங்கே நின்று பார்த்தாலும் ஒரே மட்டம்.

அவன் என்ன செய்தான் தெரியுமா... ஒரு சொம்புத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று குந்திக்கொண்டு பார்த்தான். அரை நாள் இதே வேலை.

"இன்னாடா, மீன் புடிக்கிறியா?" என்றேன்.

"தண்ணி எங்க போவணும்னு பாத்துக்கினு இருக்கிறேன்பா" என்றான். அவன் பாதி ரோட்டுப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. கோணல் என்று நானே ஓவர்சியரிடம் போய்ச் சொன்னேன். அவரும் என் பாதியைத்தான் மெச்சினார்.

அருகம்புல் நட்டோம். பிடித்துப் பச்சையாகி வருகிற நேரத்தில் இரண்டு நாள் விடாமல் மழை.

என் பாதியில் தண்ணீர் நின்றது. வயல் மாதிரி செய்தால் நிற்காமல் என்ன செய்யும். நெல்லுக்கு அது வேண்டும், புல்லுக்கு ஆகாது என்று இந்த மடையனுக்குத் தோன்றவேயில்லை. மூன்றாம் நாள் ஒரு கொக்கு வேறு வந்து நின்றது. என் பக்கம்தான்.

மறுநாள் பத்து மணிக்கு ஓவர்சியர் வந்து பார்ப்பதாக இருந்தது. நான் ஏழு மணிக்கே போனேன். எத்திராஜ் எனக்கு முன்னாலேயே வந்து, கையில் மண்வெட்டியோடு... என் பாதியிலிருந்து அவன் பாதியின் நடுவே, ரோட்டுப் பள்ளம் வரைக்கும் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் நட்ட புல்லை அவனே பெயர்த்துப் போட்டுக்கொண்டு.

"டேய், இன்னாடா பண்ற?"

"புல்லு சாவுதுடா. பாத்துக்கினு இருக்கச் சொல்றியா?"

ஓவர்சியர் வந்தார். என் பக்கம் தண்ணீர் வடிந்து, பச்சையாக, ஒரே மட்டமாக இருந்தது. அவன் பக்கம் நடுவில் பிளந்து கிடந்தது.

"யாருய்யா இத வெட்டுனது?"

"நான்தான் சார். தண்ணி நின்னுக்கினு இருந்திச்சு."

"எங்கய்யா நிக்குது?" என்று அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கொக்கு பறந்துபோன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை எனக்கு.

எனக்காக விட்டுக்கொடுத்தான் என்றாலாவது மனசு ஆறியிருக்கும். அவன் என்னை நினைக்கவே இல்லை. புல்லைத்தான் நினைத்தான். அதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

போகும்போது சொன்னான், "ஏகாம்பரம், செவுத்துப் பக்கம் ரெண்டு விரக்கடை மண்ணு ஏத்து. தண்ணி தானா வடிஞ்சிடும்."

பத்து நாள் கழித்து, எனக்கே தோன்றின மாதிரி ஏற்றினேன். அப்புறம் ரிட்டையர் ஆகிறவரைக்கும் எங்கே லான் போட்டாலும் அதே இரண்டு விரற்கடைதான். ஏகாம்பரம் கை வைத்தால் தண்ணீர் நிற்காது என்று பேர் வாங்கினேன்.

என் கல்யாணத்துக்கு வந்தான். பந்தலுக்குப் பின்னால் கை கழுவுகிற தண்ணீர் தேங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, மண்வெட்டி எங்கே என்று கேட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் மணி நேரத்தில் வடித்துவிட்டான்.

"யாருப்பா இந்தப் புள்ள? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று என் மாமனார் என்னிடமே விசாரித்தார். மாலையும் கழுத்துமாக நான் நிற்கிறேன்...

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எங்கே தண்ணீர் நின்றாலும் என் மனைவி காஞ்சனா, "எத்திராஜ் அண்ணனுக்குச் சொல்லி அனுப்புங்க" என்பாள். ஒரு நாள் வயிறு எரிந்து, "அவனுக்கு மண்ணு வேலை கத்துக் குடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள்.

இன்று இரண்டு பேரும் போனோம். நேற்று ராத்திரி நல்ல மழை. வீட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு லான், அதில்தான் ஷாமியானா போட்டு அவனைக் கிடத்தியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நான் சுற்றி வந்தேன். எங்கேயாவது ஒரு பள்ளத்தில் காலில் ஈரம் படுமா என்று பார்த்தேன்.

படவில்லை.

காஞ்சனா அவன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்கப்பாவுக்கு இந்த வேல கத்துக் குடுத்தது எங்க வீட்டுக்காரருதாம்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தெரியும் பெரிம்மா" என்றது அந்தப் பெண். "அப்பாகிட்ட யாராவது கேட்டா ஏகாம்பரம் பேரைத்தான் சொல்லுவாரு."

காஞ்சனாவும் ஃபேஸ்புக் பார்ப்பாள். பார்க்கட்டும்.

ரெண்டு விரக்கடை ஏத்தச் சொன்னது நீதான்டா. போய் வா, எத்திராஜு...