மூடிய குழி

தியாகதுருகம் பக்கம் பிறந்து, அழிந்த காடுகளை மீட்க வளரும் நாடுகளுக்கெல்லாம் யோசனை சொல்பவர் அந்த அம்மா. கல்வராயன் மலைப் புல்வெளியில் அவர் மரம் நடுவதைப் படமெடுக்க, கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என்னை வனத்துறையினர் அழைத்திருந்தார்கள். ஒட்ட வெட்டிய நரைமுடி. மண்தரையைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடுவார்.

வனத்துறை அதிகாரி மரக்கன்றை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

“புல்லு இருக்கற எடத்துல எந்த நாட்லயும் நான் மரம் நட்டதில்லீங்க.”

“ஒரு போட்டோவுக்குத்தாம்மா.”

“புல்லு இன்னா பாவம் பண்ணுச்சு? மாடு மேஞ்சிக்கினு இருக்குது. மரத்த வெட்டுன எடத்தக் காட்டுங்க, பொழுது சாயற வரைக்கும் நடறேன்.”

யாரும் காட்டவில்லை. கன்றுக்காக வெட்டியிருந்த குழியை அம்மா வெறுங்காலாலேயே மண் தள்ளி மூடினார்.

அப்போது நான் எடுத்த படத்தை வனத்துறையினர் வாங்கிக்கொள்ளவில்லை. என் கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். “மரம் நடறாங்களாண்ணா?” என்று யார் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்.

“இல்ல, குழிய மூடறாங்க.”