நார்த்தங்காய் போட்ட ஜின்

என் நாத்தனாரின் கணவர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்துவிட்டால், வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மவுசு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் அவரும் என் வீட்டுக்காரரும் பாட்டிலோடு மேலே ஏறிவிடுவார்கள். ஆளுக்கொரு நாற்காலி. தட்டு வைக்க ஒரு நாற்காலி, தண்ணீர் கேன் வைக்க இன்னொன்று. நானும் நாத்தனாரும் கீழே அடுப்படியில் வேர்த்து வடிய சுக்கா வறுப்போம், முட்டை பொரிப்போம், படியேறிக் கொண்டுபோய் வைப்போம். தட்டு உட்கார நாற்காலி உண்டு, எங்களுக்குக் கிடையாது. வைத்த கையோடு இறங்கிவிட வேண்டியதுதான். மேலே அடிக்கிற சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குடிக்க வேண்டும் என்பதல்ல என் ஆசை. அந்தக் காற்றில் காலை நீட்டி உட்கார வேண்டும், சூடாக வறுத்ததை யாராவது கொண்டுவந்து நீட்ட வேண்டும். ஒரே ஒரு சாயங்காலமாவது அப்படி இருந்துவிட வேண்டும். நாத்தனாரிடம் சொன்னால், "அண்ணனுக்குக் காதுல விழப்போகுது மதினி" என்று பயப்படுவாள். கல்யாணமாகி, பிள்ளை காலேஜுக்குப் போன பிறகும் அண்ணன் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம்.

போன லீவில் நாத்தனாரின் கணவர் கொண்டுவந்தது ஜின். எங்கள் ஆட்கள் அதையும் பிராந்தி மாதிரியே நினைத்து முதலில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்கள். பிடிக்கவில்லை. பிறகு மாம்பழ ஜூஸை ஊற்றினார்கள். கர்மம். நான் ஈரல் வறுவலோடு மேலே போனபோது இரண்டு முகமும் அஷ்டகோணலாக இருந்தன.

"என்ன மாப்ள இது, இருமல் மருந்து கணக்கா இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அங்க ஹோட்டல்ல குடிச்சுப் பாக்கணும் மச்சான். ஐஸு, எலுமிச்சைலாம் போட்டுக் குலுக்கித் தருவான். அப்படி இருக்கும்! அதெல்லாம் நம்ம ஊர்ல எவனுக்கும் வராது."

நான் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். இருமல் மருந்தாவது ஒன்றாவது! மல்லி விதையைக் கையில் நசுக்கிய வாசம். அதற்குப் பின்னால் நார்த்த இலையைக் கிள்ளிய வாசம். மூக்கு இருந்தும் என்ன பிரயோஜனம் இந்த மனுஷர்களுக்கு?

"அண்ணே, நான் கலக்கித் தாரேன்" என்றேன் நாத்தனார் கணவரிடம். "நல்லா இருந்துச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் கீழ போய் வறுக்கணும். நாங்க மேல உக்காருவோம்."

"நல்லா இல்லன்னா?"

"இனிமே வாயத் தொறக்க மாட்டேன். நீங்க எப்ப வந்தாலும் நானே வறுத்துப் போடுறேன்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எம்புட்டு வாய் பாருங்க மாப்ள, ஸ்கூல் டீச்சருக்கு!"

பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஃப்ரிட்ஜில் எலுமிச்சம்பழம் நிறையக் கிடந்தது. கை வைக்கப் போனேன், நாத்தனார் அலறிவிட்டாள்.

"மதினி! அது மாரியாத்தா கழுத்துல கெடந்த பழம்!"

வெள்ளிக்கிழமை கோயில் மாலையிலிருந்து பூசாரி எடுத்துக் கொடுத்தவை. அதைச் சாராயத்தில் பிழிய எனக்கு மட்டும் துணிச்சல் வந்துவிடுமா? கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தெருமுனைக் கடையோ ஞாயிறு சாயங்காலம் பூட்டு. கடைகடையாக அலைந்தால், ஓடிவிட்டாள் என்று மேலே கெக்கலிப்பார்கள். ஊறுகாய்க்கு வாங்கிய நார்த்தங்காய்தான் மிச்சம்.

சாறு பிழிந்து நாக்கில் வைத்தேன். புளிப்புக்கு மேல் கசப்பு, நாக்கு சுருண்டுகொண்டது. தோற்றால் ஆயுசுக்கும் இந்த அடுப்படிதான். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. நார்த்தங்காய்க் கசப்பை வருஷா வருஷம் எதை வைத்து அடக்குகிறேன்? சாற்றில் ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். கசப்பு அப்படியே அடங்கியது. சீனியை வெந்நீரில் கரைத்து ஆற வைத்தேன். ஒரு சின்னக் கிண்ணத்தால் ஜின் இரண்டு, வடிகட்டிய சாறு ஒன்று, சீனிப்பாகு ஒன்று என்று அளந்தேன். தோலில் பச்சையை மட்டும் கொஞ்சம் துருவிப் போட்டேன்.

குலுக்க என்ன செய்வது? பள்ளிக்கூடத்துக்குக் குழம்பு கொண்டுபோகும் எவர்சில்வர் டப்பா இருந்தது. பஸ்ஸில் எந்தக் கூட்டத்திலும் ஒரு சொட்டு சிந்தாதது. எல்லாவற்றையும் ஊற்றி, ஐஸைப் போட்டு, மூடியைத் திருகி, தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்கினேன்.

"சாமி வந்த மாதிரி இருக்கு மதினி" என்று அவள் சிரித்தாள். டப்பாவின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தபோது நிறுத்தினேன்.

மேலே கொண்டுபோய்த் திறக்கப் பார்த்தால் மூடி அசையவில்லை. குளிரில் இறுகிவிட்டது. என் வீட்டுக்காரர் லுங்கி நுனியால் பிடித்து முக்கினார். அவர் மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

"அம்புட்டுத்தான் தங்கச்சி, தோத்துட்ட" என்றார்.

"குடுங்கண்ணே இப்படி." மூடியின் விளிம்பைக் கைப்பிடிச் சுவரில் சுற்றிச் சுற்றித் தட்டி ஒரு திருகு திருகினேன். 'டப்' என்று திறந்தது. தினம் டப்பா திறக்கிறவளிடமா?

டீ வடிகட்டியில் வடித்து இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மேலே மெல்லிய நுரை நின்றது. சிங்கப்பூர்க்காரர் ஒரு வாய் குடித்தார்.

"அந்த ஹோட்டல் டேஸ்ட் இல்ல இது" என்றார். அவர் இன்னொரு வாய் குடித்தார். "அவன் போடுறதுல இம்புட்டு வாசம் இருக்காது தங்கச்சி. பொய் சொல்லக் கூடாது. இது அதவிட மேல."

என் வீட்டுக்காரர் காலி டம்ளரை என் முன்னால் நீட்டினார்.

"எந்திரிங்க. கறி கழுவி வச்சிருக்கு" என்றேன்.

போனார்கள்! முணுமுணுத்துக்கொண்டுதான் போனார்கள், ஆனாலும் போனார்கள். நானும் நாத்தனாரும் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டோம். அவனியாபுரம் பக்கமிருந்து காற்று வந்தது. டப்பாவில் மிஞ்சியதை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தோம். ஜில்லென்று, புளிப்பும் இனிப்புமாக இறங்கியது. ராணி மாதிரி இருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. "ஏய், மொளகாப்பொடி எங்க இருக்கு?"

பழக்க தோஷம், நான் எழுந்துவிட்டேன். நாத்தனார் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்:

"தேடுங்கண்ணே! ஒங்க வீட்டு அடுப்படிதான?"