தேர்த் தெருவில் லைன் கிளியர்

ராஜபாளையத்தில் நான் மின்வாரிய லைன் ஃபோர்மேனாக இருந்தபோது, ஒரு அம்மன் கோவில் தேரோட்டத்துக்கு எனக்கு டூட்டி போட்டார்கள். தேருக்கு முன்னால் போய், தெருவின் குறுக்கே ஓடும் வயர்களைக் கழற்ற வேண்டும். தேர் கடந்ததும் திரும்ப மாட்ட வேண்டும்.

குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே எங்கள் சபை மூப்பர் ஞானமுத்து அண்ணாச்சி என்னைச் சர்ச் வாசலில் நிறுத்தினார்.

"ஏலே சாமுவேலு, ஞாயித்துக்கெழம கர்த்தர்தான் ராஜான்னு பாடுத. வெள்ளிக்கெழம தேருக்கு முன்னால போயி நிப்பியாக்கும்? பாக்குறவன் என்னலே நெனப்பான்? லீவப் போட்டுட்டு வீட்ல இரு."

அவர் பேச்சைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி எஸ்தர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்த மனிதர். லஞ்சம் வாங்காதே, பொய் சொல்லாதே என்றால் எனக்குக் குழப்பம் இல்லை. இது அப்படித் தெளிவாக இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எஸ்தர்தான் கேட்டாள். "நீங்க போவலன்னா யாரு வருவா?"

"பக்கத்து செக்‌ஷன் ஆளு. அவனுக்கு அந்தத் தெரு தெரியாது."

"பொறவு என்ன? தேர் இழுக்கவியளும் ஆண்டவர் படைச்ச சனந்தான? நீங்க வயரக் கழட்டத்தான போறிய. ஜெவம் பண்ணிட்டுப் போங்க."

போனேன்.

தெருவுக்கு சப்ளையை நிறுத்தி, வேலை தொடங்கலாம் என்ற அனுமதியான லைன் கிளியர் வாங்கினோம். நீளக் கம்பின் முனையில் டெஸ்டரை மாட்டி லைனைத் தொட்டேன். விளக்கு எரியவில்லை. அடுத்து லைனைத் தரையோடு இணைத்து எர்த் பண்ண வேண்டும், அதன் பிறகுதான் ஆள் ஏற வேண்டும். ஆனால் மேளச் சத்தம் திருப்பத்துக்கு வந்துவிட்டது. வயர்மேன் முருகேசன் அவசரத்தில் ஏணியில் ஏறத் தொடங்கிவிட்டான். எர்த் ராடை மாட்டும் முன் இன்னொரு தடவை சோதிப்பது என் வழக்கம். கம்பைத் தூக்கினேன்.

விளக்கு எரிந்தது.

"முருகேசா, தொடாத! எறங்குலே!"

அவன் கை வயருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இறங்கி வந்து அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். தேரை நிறுத்தச் சொல்லி போலீஸ்காரரிடம் ஓடினேன். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில், கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். லைனைப் பிரித்துவிடும் சுவிட்சைத் தள்ள மறந்ததால் அந்தக் கரண்ட் தெரு லைனில் ஏறியிருந்தது. அணைத்தோம், எர்த் பண்ணினோம், வயரைக் கழற்றினோம். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு சனங்கள் தேரோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. யாரோ கொடுத்த நீர்மோரைக் குடித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. இரண்டு நாள் பாரமும் அதோடு இறங்கியது. அன்று வேறு யார் நின்றிருந்தாலும் சோதித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று நின்றது நான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த முருகேசனுக்குப் பிள்ளைய இருக்கா?"

"ரெண்டு பொட்டப் பிள்ளைய, அண்ணாச்சி."

அன்று ஆராதனையில், முருகேசன் பெயரைச் சொல்லி, அவன் குடும்பத்துக்காக நன்றி ஜெபம் ஏறெடுத்தார். தேரைப் பற்றிய அவர் எண்ணம் மாறியதா என்று நான் கேட்கவில்லை.

வேலைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கிறிஸ்து எஜமான் என்றால், எங்கே போகக் கூடாது என்றே யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். யாருடைய உயிரை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். போன இடத்தில் இரண்டு தடவை சோதியுங்கள்.