குருத்தில் ஒரு சிட்டிகை நோய்

நோய் வர வேண்டுமே என்று நான் ஏங்கிய மார்கழி அது. வேளாண்மை படித்த கையோடு ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை. மந்தாரக்குப்பத்தைத் தாண்டி ஓர் அக்காவின் நிலத்தில் மக்காச்சோள ரகங்களை வரிசை வரிசையாகப் போட்டிருந்தோம். இலைக்கருகல் நோயை வரவழைத்து எந்த ரகம் தாங்கும் என்று பார்க்க. முந்தின வருடம் அந்த நோயில்தான் அக்காவின் மக்காச்சோளம் முழுக்கக் கருகியது. இந்த முறையும் வழி தெரியாவிட்டால், நிலத்தைச் சும்மா போட்டுவிட்டுத் தன் வீட்டுக்காரரைப் போலவே நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்.

நோயுற்ற இலைகளைக் காயவைத்துப் பொடித்து, சாயங்காலம் ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை வைத்துத் தண்ணீர் தெளிப்பேன். பூசாரி விபூதி கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்பார் அக்காவின் வீட்டுக்காரர். மைன்ஸிலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வாய்க்காலில் வெதுவெதுப்பாக ஓடும். விடிந்தால் பனிக்குள் மண்மேடுகள் மிதக்கும். தூரத்தில் கன்வேயர் பெல்ட் முனகும். அந்த ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ முளைக்கிறது என்ற நினைப்பிலேயே பாதிக் கனவில் திரிந்தேன்.

புள்ளிகள் வந்தன, சாம்பல் நிறத்தில், நீள நீளமாக. ஸ்கூட்டியில் குவார்ட்டர்ஸுக்குப் பறந்து, நோய் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். யாருக்கு என்று அவள் பதறிப்போனாள்.

மறுநாள் போனால் நோய் இலை ஒன்றுகூட இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் மொத்தத்தையும் கிள்ளியிருந்தார்.

"நோவு வந்த எலய வச்சிகினு எப்டிம்மா சும்மா பாத்துகினு இருக்கறது?"

திட்ட வாய் வரவில்லை. கருகின வயலைப் பார்த்த மனிதர். ஆனால் என்னிடம் பொடி மிச்சமில்லை. ஆண்பூ வெளிவந்துவிட்டால் பொடி வைக்கக் குருத்தும் இருக்காது. அதை அக்காவிடம் சொன்னேன்.

அவர் நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனார். வீட்டுக்காரர் கிள்ளிப் போட்டதில் மாடு தின்றது போக மூலையில் கிடந்த இலைகளை அள்ளிவந்து வெயிலில் பரப்பினார். மொறுமொறுவென்று காய்ந்ததும் தானே கசக்கினார்.

"போன வருசம் அதுவா வந்துச்சி. இந்த வாட்டி நானே வெக்கறேன். நகரு பாப்பா."

குருத்து குருத்தாக அவர் வைத்துக்கொண்டே போக, வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார்.

தை பிறந்து பனி கனத்ததும் வரிசைகள் ஒவ்வொன்றாகக் கருகின. ஒரே ஒரு ரகம் மட்டும் அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி புள்ளிகளோடு பச்சையாகவே நின்றது. அதன் இலையை அக்கா வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அடுத்த பட்டத்துக்கு இந்த விதை கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன்.

"அப்போ நீ வரலன்னு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிடவா?" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.