இறங்கினால் நல்லது

இருசம்மாளுக்குத் தெரிந்தவரை இந்த உலகத்தில் இறங்குவதெல்லாம் நல்லது. காய்ச்சல் இறங்கினால் பிள்ளை எழுந்து கூழ் கேட்கும். தேள்கடி விஷம் இறங்கினால் உயிர் தப்பும். தலைச்சுமை இறங்கினால் கழுத்து நிமிரும். மாரியம்மன் ஒருத்தி மேல் இறங்கினால் அந்தக் குடும்பத்துக்கே யோகம். இதற்காக அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? நாமும் அப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்.

குரும்பலூரில் கரும்பு வெட்டிப் பிழைத்தவள் அவள். புருஷன் உத்திராபதி பாடாலூர் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதையாவது எமன் கசப்பென்று விட்டுவிடட்டும் என்று வேம்பு என்று பேர் வைத்தாள். விட்டான், பதினோரு வருஷம்.

எண்பத்திரண்டாம் வருஷம் வேம்பு குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். எவ்வளவு தின்றாலும் உடம்பு ஈர்க்குச்சியாக வற்றியது. ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. பெரம்பலூரில் டாக்டரம்மா பார்த்துவிட்டு சர்க்கரை என்றார்.

"பேரு வேம்பு, ஒடம்பெல்லாம் சக்கரயாடி?" என்று பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை கேலி பேசினாள். எல்லோரும் சிரித்தார்கள். இருசம்மாளும் சிரித்துவிட்டு, கரும்புக் கொல்லைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. வயலில் வேலை செய்கிறவளுக்குப் புரியும்படிதான் சொன்னார். "வயித்துக்குப் பின்னாடி கணையம்னு ஒண்ணு இருக்கும்மா. அதுதான் மடைக்காரன். சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை ஏறும். அவன் மடையைத் திறந்து அதை உடம்பு பூரா பாய விடுவான். பட்டினி கிடந்தா மடையை அடைச்சிடுவான். அப்ப ஈரல், தான் சேத்து வச்சதைக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்து விடும். ஒங்க பொண்ணுக்கு அந்த மடைக்காரன் செத்துட்டான். இனிமே இந்த ஊசிதான் மடையைத் திறக்கணும். ஆனா ஊசிக்குக் கண்ணு கிடையாது. திறக்கத்தான் தெரியும், அடைக்கத் தெரியாது. ஒரு நாளும் ஊசியை நிறுத்தக் கூடாது. போட்டதும் சோறு போட்டுடணும். இனிப்பு மட்டும் கொடுத்துப் பழக்காதீங்க."

சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் ஆபத்து, அப்போது இனிப்புதான் மருந்து என்றும் அவர் சொன்னார். அது இருசம்மாள் காதில் ஏறவில்லை. ஏறினால்தானே ஆபத்து? இறங்கினால் என்ன ஆபத்து?

காதில் விழுந்ததையெல்லாம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைக்கவும் தொடையில் போடவும் கற்றாள். மருந்துக் குப்பியை ஈர மணலில் புதைத்த சட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினாள். வீட்டில் வெல்லம் என்ற பேச்சே இல்லை. தெருவில் எவளாவது வேம்புவுக்கு ஒரு கரும்புத் துண்டு கொடுத்துவிட்டால் போதும், அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்ப்பாள். கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்து மகளை இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளை கன்னத்தில் சதைகூட வைத்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் தெரு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். வேம்பு பால்குடம் எடுப்பாள், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல்.

திருவிழா அன்று காலையில் வழக்கம்போல ஊசி போட்டாள். நிறுத்தக் கூடாது என்பது டாக்டரம்மா வாக்கு. சோறு போடவில்லை. அது ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு. இரண்டு வாக்கையும் காப்பாற்றிய நிம்மதியோடு மகள் தலையில் குடத்தை ஏற்றினாள், பாவி.

ஊர்வலம் பாதி வழி வருவதற்குள் வேம்புவுக்கு வேர்த்துக் கொட்டியது. கைகால் உதறியது. குடத்துப் பால் தளும்பி முகத்தில் வழிந்தது. கண் எங்கோ நிலைகுத்த, என்னவோ உளறினாள்.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று கூட்டம் குலவை போட்டது. மேளம் வேகம் பிடித்தது. இருசம்மாள் நடுரோட்டில் மகள் காலில் விழுந்தாள். "வந்துட்டியா தாயி! எம்புள்ளயக் கொணமாக்கிடு தாயி!"

"பசிக்குது... இனிப்பா... குடு..." என்றாள் வேம்பு.

"ஆத்தா பானகம் கேக்குறாடி!" என்று சின்னப்பிள்ளை செம்போடு ஓடிவந்தாள். வெல்லம் கரைத்த பானகம். செம்பு வேம்புவின் உதட்டைத் தொட்டதும் இருசம்மாள் பாய்ந்து தட்டிவிட்டாள்.

"அடிப்பாவி, எம்மவளக் கொல்லப் பாக்குறியா? சக்கர ஏறிடும்டி!"

பானகம் புழுதியில் ஊறிப்போனது. வேம்பு அந்த ஈரத்தையே பார்த்தாள். பிறகு சரிந்தாள்.

"ஆத்தா மலையேறிட்டா, அசந்து கெடக்கா. எழுப்பாதீங்க" என்றார் பூசாரி. புளியமர நிழலில் மகள் தலையை மடியில் வைத்து, நெற்றியில் திருநீறு பூசி, முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள் இருசம்மாள். அவ்வளவு நிறைவாக அவள் எந்த நாளும் உட்கார்ந்ததில்லை. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கிய பிறகுதான் பயம் வந்தது. கரும்பு லாரி ஒன்றை மறித்து ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். குளுக்கோஸ் ஏற்றினார். கடைசியில் வெளியே வந்து, "சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சும்மா" என்றார்.

இருசம்மாள் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "எறங்கிடுச்சா தாயி! எங்காத்தா எறக்கிட்டாளா!"

டாக்டரம்மா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு மெதுவாக, பிள்ளை போய்விட்டது என்றார். ஒரு வாய் வெல்லத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு இருசம்மாள் இருந்தாள், அவ்வளவுதான். கரும்பு வெட்டினாள், கூழ் குடித்தாள். திருவிழா வந்தால் மட்டும் மடி நிறைய வெல்லத்தைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிடுவாள். அருள் வந்து ஆடுகிற பெண்களின் வாயைப் பிளந்து திணிப்பாள். சாமி குத்தம் என்று பிடித்துத் தள்ளுவார்கள். ஒரு வருஷம் ஒருத்தி வெல்லத்தைத் துப்பிவிட்டாள். இருசம்மாள் குனிந்து மண்ணில் கிடந்ததைப் பொறுக்கி, ஊதி, மறுபடியும் அவள் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"தின்னுடு கண்ணு. எறங்குறதுக்குள்ள தின்னுடு."