மரண அறிவித்தல்களுக்கு ஒரு தேடுபெட்டி

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நாள் தொடங்குவது மரண அறிவித்தல்களோடுதான். தம்பலகாமத்தில் பிறந்து, சண்டைக்குப் பயந்து உலகமெல்லாம் சிதறிப்போன சொந்தக்காரர்களில் யார் எந்த நாட்டில் கண்ணை மூடினார் என்பதை ஐந்து இணையத்தளங்கள் போட்டி போட்டுக்கொண்டு வெளியிடுகின்றன. ஐந்தையும் திறந்து நான் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேநீர். பொறுமை என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே கிடையாது.

அதனால் ஒரு மத்தியானம், ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் கப்பல் முகவர் அலுவலகத்தில், சாப்பாட்டுப் பார்சலைக்கூடப் பிரிக்காமல் அந்தத் தேடுபெட்டியைச் செய்தேன். பெரிய வித்தையில்லை. நமக்கு வேண்டிய தளங்களின் முகவரிகளைக் கொடுத்தால், அவற்றுக்குள் மட்டும் தேடும் சொந்தத் தேடுபொறி ஒன்றை இலவசமாகவே அமைக்க முடிந்தது. முதல் தடவை, முழு இணையத்திலும் தேடும் வசதியை நிறுத்த மறந்துவிட்டேன். தம்பலகாமம் என்று அடிக்க, உழவு இயந்திர விற்பனையும் யானை வேலிச் செய்தியும் வந்து விழுந்தன. அதை நிறுத்திய பிறகு செத்தவர்கள் மட்டும் வந்தார்கள்.

அம்மாவுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஊர்ப் பெயர், கோயில் பெயர், தெரிந்த குடும்பங்களின் பெயர் என்று அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மூன்றாம் நாள், "அண்ணான்ர பேரை அடி" என்றார்.

என் அண்ணா சண்டைக் காலத்தில், கட்டைபறிச்சான் ஊருக்குப் போய்வருகிறேன் என்று மூதூர் லோஞ்சுப் படகில் ஏறியவர். திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, தகவலும் இல்லை. அவர் பெயரை அடித்தேன். முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது.

"பாத்தியா, செத்தவையின்ர இடத்தில அவன் இல்லை. உயிரோடதான் இருக்கிறான்."

அறிவித்தல் கொடுக்க வேண்டியவர்களே நாங்கள்தான், நாங்கள் கொடுக்காமல் அது எப்படி வரும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே போனை அணைத்தேன். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போய்வந்த கையோடு அண்ணாவின் பெயரைத் தேடச் சொல்வார். இல்லை என்று வரும்வரை வாயில் ஒன்றும் வைக்கமாட்டார். ஏன்தான் இந்தப் பெட்டியைச் செய்தேனோ என்று என்னை நானே ஏசிக்கொள்வேன்.

போன வருடம் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை, எனக்கு மாமி முறை, கனடாவில் இறந்துபோனார். அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாவின் பெயருக்கு ஒரு முடிவு வந்தது. அன்று காலைதான் வெளியான மாமியின் அறிவித்தல். அம்மா போனைப் பறித்துத் தானே வாசித்தார். மருமக்கள் வரிசையில், உயிரோடு இருக்கும் எங்களுக்கு முன்னால், 'காலஞ்சென்ற' என்று போட்டு அண்ணாவின் பெயர்.

"ஆர் இதை எழுதினது? என்ர பிள்ளையைச் சாகடிக்க இவை ஆர்?"

எழுதியது நான். உறவினர் விபரம் கேட்டு மாமியின் மகள், என் மச்சாள், செய்தி அனுப்பியிருந்தாள். துறைமுகத்துக்குக் கப்பல் வந்த நாள், தலைக்குமேல் வேலை. இருப்பவர்களை ஒரு பக்கமும் இறந்தவர்களை மறுபக்கமும் அவசரமாக எழுதி அனுப்பிவிட்டு மறந்துபோனேன். அண்ணாவை எந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்று யோசிக்கவேயில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். கோழைத்தனம், சொல்லவில்லை. அதற்குள் அம்மா கனடாவுக்கு அழைப்பெடுத்துவிட்டார். என்னை அத்தான் என்று கூப்பிடும் மச்சாளின் குரல் எனக்கும் கேட்டது.

"மாமி, அத்தான்தானே எழுதி அனுப்பினவர்? அதைப் பாத்துத்தான் நான் குடுத்தனான்."

அம்மா போனை மேசையில் வைத்தார். ஏசுவார், அடிக்கவும் செய்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அமர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல்தான் இருந்தது.

"உனக்கு எப்ப தம்பி தெரியும்? எங்க வைச்சு? ஆர் சொன்னது?"

ஏதோ தகவல் கிடைத்து, இத்தனை நாளும் நான் மறைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியாதம்மா."

"ஒண்டும் தெரியாமலோ எழுதினனீ?"

"ஓம்" என்றேன். காத்திருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதைத் தவிர அண்ணாவைப் பற்றி என்னிடம் எந்தத் தகவலும் இருக்கவில்லை.